சனிக்கிழமை அடுப்பு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் ஒரே அமளியாக இருக்கும். சூரியன் மறைவதற்குள் சமைத்து, துவைத்து, வீடு கூட்டி முடிக்க வேண்டும். அப்பா ஆற்றைப் பார்த்த ஜன்னலில் நின்று வெளிச்சத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு அப்பால் வெயில் இறங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபத்துக்கு உட்காருவார். அதற்குப் பிறகு மறுநாள் பொழுது சாயும்வரை எங்களில் யாரும் நெருப்பைத் தொடக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற சபை எங்களுடையது. ரங்கூன் தமிழ்க் கிறிஸ்தவர்களிலேயே நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான்.

எங்களில் யாரும் என்று சொன்னேன். அதில் அமே சேர்த்தி இல்லை.

அமே என்றால் பர்மியில் அம்மா. எங்கள் அம்மா பர்மாக்காரி, புத்தரைக் கும்பிடுகிறவள். அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு தமிழ் கற்றுக்கொண்டாள், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாள், ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. சபையாருக்கு அது பெரிய குறை. அவளுடைய ஆத்துமாவுக்காக ஜெபக்கூட்டத்தில் உருகி உருகி அழுவார்கள். ஆனால் அவள் அப்படி இருந்ததால்தான் எங்கள் வீட்டில் சனிக்கிழமை அடுப்பு எரிந்தது. கட்டளை அவளைக் கட்டாது. மற்ற சபை வீடுகளிலும் சனிக்கிழமைக்கென்று ஒரு பர்மாக்காரப் பெண்ணை வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் செலவு இல்லை.

வேலை ஏவுவதும் வேலைதான் என்பது அப்பாவின் கட்சி. அதனால் சனிக்கிழமைகளில் அவர் அமேயிடம் எதையும் செய்யச் சொல்ல மாட்டார். காற்றிடம் பேசுவார். “தொண்டை கட்டினாப்ல இருக்கு” என்றால் தேநீர் வர வேண்டும். “கரண்டு வந்துருச்சு போல” என்றால் அமே ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும். இந்த ஊரில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, வந்தது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. “புழுக்கமா இருக்கே” என்றால் மின்விசிறி. எங்கள் விரல் சுவிட்சில் பட்டால் பாவம். அவள் விரல் பட்டால் நல்ல காற்று.

அப்பாவுக்கு மிகவும் பிடித்த தீர்க்கதரிசி ஒருவர் உண்டு. எருசலேமின் வாசலில் நின்றுகொண்டு, ஓய்வுநாளில் சுமை எடுத்துக்கொண்டு இந்த வாசலுக்குள் வராதீர்கள், நாளைப் பரிசுத்தமாக வையுங்கள், கேட்காவிட்டால் வாசலிலேயே தீப்பிடிக்கும் என்று ராஜாவிலிருந்து சாமானியன்வரை எல்லாரையும் எச்சரித்தவர். சனிக்கிழமை காலை வீட்டு ஜெபத்தில் அப்பா அந்தப் பகுதியைத்தான் அடிக்கடி எடுப்பார். அவர் குரல் உச்சத்துக்குப் போகிற அதே நேரத்தில், தோளில் கம்பும் இரண்டு பக்கமும் பானையுமாக அமே எங்கள் வாசலுக்குள் நுழைவாள். நாங்கள் காலை ஒதுக்கி வழிவிடுவோம். அப்பா அடுத்த வசனத்துக்குப் போவார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அப்பா வேஷக்காரர் இல்லை. படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர், சனிக்கிழமை வர மாட்டேன் என்று சொல்லி அந்த வேலையையே உதறிவிட்டு வந்தார். அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அமே அந்தக் கம்பையும் பானையையும் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் மொஹிங்கா விற்றாள். அரிசிச் சேமியாவில் மீன் குழம்பை ஊற்றித் தருவது, இங்கே காலைப் பசிக்கு எல்லாரும் தேடுவது அதைத்தான். சனிக்கிழமையும் விற்றாள், ஏனென்றால் மற்ற நாட்களைவிட அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். அப்பாவின் விசுவாசத்துக்கு அவள் பானை சோறு போட்டது.

ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்து ஓய்வுநாள் முடிந்த பிறகு, அமே பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தாள். தனக்கும் முழுக்கு வேண்டும் என்றாள். ஞானஸ்நானத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். எத்தனையோ வருஷமாகக் கண்ணீர் விட்டுக் கேட்ட வரம் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்பா ஸ்தோத்திரம் என்றார். அப்புறம் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

போதகர் வந்தார். எதனால் இந்த மனமாற்றம் என்று அமேயிடம் கேட்டார். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“சனிக்கிழமை நானும் உக்காரணும், சயா.”

பெரியவர்களையும் ஆசிரியர்களையும் இங்கே சயா என்றுதான் அழைப்போம். சயா சிரித்தார். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று ஆண்டவரிடம் வரக்கூடாது, ஆத்துமாவில் தாகம் வேண்டும், இன்னும் கொஞ்சம் படிக்கட்டும் என்றார். அமே தலையாட்டினாள். மழைக்காலம் முடியட்டும் என்றார் அப்பா. முடிந்தது. தண்ணீர்த் திருவிழா போகட்டும் என்றார். அதுவும் போனது. அதற்குள் அடுத்த மழை வந்தது. இப்படியே காலம் ஓடியது. அமேவும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

நான் விடவில்லை. ஏன் இழுத்தடிக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். முதலில் ஆத்துமா, ஆயத்தம் என்று எதையோ சொன்னார். நான் நகராமல் நின்றேன்.

“அப்புறம் அடுப்பை யாருடி பாக்குறது?” என்றார்.

காற்றிடம் பேசாமல், குறிப்பு வைக்காமல் அவர் சொன்னது அது ஒன்றுதான். வேலைக்காரியும், வாசலுக்குள் இருக்கிற அந்நியனும்கூட அந்த நாளில் இளைப்பாற வேண்டும் என்று அதே வேதத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அது மனப்பாடம். எடுத்துச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து நான் சபைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அமே விழுந்தது சனிக்கிழமைதான், வேறு எந்த நாளில் விழுவாள்? மழையில் வாசல்படி வழுக்கி, கம்பும் பானையுமாகச் சாய்ந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் எழுந்து நடப்பாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் எழவில்லை. கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். வாரநாட்களில் நானும் அப்பாவும் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டோம். சனிக்கிழமைக்குப் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பெண்ணை அப்பா பேசி வைத்தார். நல்ல பெண், அமேயைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், வாரம் முழுக்க ஷ்வேப்யிதா தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்துவிட்டு வருகிறவள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்ததும், அப்பா போதகரை அழைத்துக்கொண்டு வந்தார். எங்களுடையது தண்ணீரில் முக்கி எடுக்கிற சபை. ஆனாலும் படுக்கையில் இருப்பவளுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்றார் சயா. படிப்பெல்லாம் இனி வேண்டாமாம், ஆயத்தமும் வேண்டாமாம். அப்பா கட்டிலருகில் நின்றார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அமே சயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கேட்டப்ப இடுப்பு நல்லா இருந்துச்சு, சயா. இப்ப எதுக்கு? இப்ப எனக்கு எல்லா நாளும் படுக்கைதான்.”

சயா வேதத்தை விரித்தார், மூடினார். அமே கோபமாகச் சொல்லவில்லை, அழவுமில்லை. வேண்டாத பொருளைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வந்தவரைச் சும்மா உட்கார வைக்கக்கூடாது என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்திதான் என்றார்.

சமையலறையில் அந்தப் பெண் கரியைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு சனிக்கிழமைக்குள் அவளும் அப்பாவின் பாஷையைப் பழகிவிட்டிருந்தாள்.

அமே பர்மியில் அவளைக் கூப்பிட்டாள். தங்கச்சி, அதை அணைச்சிட்டு வா, என் பக்கத்துல உக்காரு என்றாள். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அமே கட்டிலைக் கையால் தட்டினாள். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சயாவுக்கு எதிரில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அமே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். தொண்டை கட்டினாப்ல இருக்கு என்றார். இந்தத் தடவை அவர் பார்த்தது காற்றை இல்லை, என்னை.

பன்னிரண்டு வயதிலேயே முழுக்கு எடுத்தவள் நான். அன்றைக்குச் சனிக்கிழமை. அந்த ஒரு நாள் மட்டும் நான் ஓய்வுநாளை ஒரு குறையும் இல்லாமல் ஆசரித்தேன். இடத்தைவிட்டு அசையவில்லை.