வெயிலில் காயும் மே மாத மெத்தைகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர் முழுக்க மெத்தைகள். எல்லாம் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள். வேலைக்கு வரும் கௌரம்மாவை விரட்டி, அம்மா பரணிலிருந்து இறக்க வைத்திருக்கிறாள். வெயில் பட்ட பஞ்சும் அந்துருண்டையும் கலந்து ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஏப்ரலிலேயே மே மாதம் வந்துவிட்டது. கீழே என் மகள் சோபாவில் படுத்தபடி கட்டைவிரலால் ஊட்டியில் அறை தேடிக்கொண்டிருந்தாள். காரா ரயிலா என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வேறு. அம்மாவைத் தவிர எல்லாரும் ஓட்டுப் போட்டாயிற்று.

இப்போது நாங்கள் இருப்பது பொம்மனஹள்ளி. மெத்தைகள் இதே ஊரில் முன்பு நீலசந்திராவில் இருந்த காலத்தவை. அங்கே வாடகை வீட்டில் ஃபேன்கூட இல்லை, தேவையும் இல்லை. கோடையிலும் விடியற்காலையில் போர்வையைத் தேடுவோம் என்று சொன்னால் என் மகள், வயதானவர் ஏதோ உளறுகிறார் என்பதுபோல் பார்க்கிறாள். மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "ஊட்டிக்கு எதுக்குப் போணும்? கதவத் தொறந்தா ஊட்டி." செலவில்லாத கொள்கை என்பதால் அதில் மிக உறுதியாக இருந்தார்.

அந்தக் கொள்கையை அப்பாவைவிடத் தீவிரமாக நம்பியவர்கள் வேலூர்க்காரர்கள். மே பிறந்தால் போதும், அப்பாவின் அக்கா சரசு அத்தை, மாமாவையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடுவார். அவர்கள் கிளம்புவதற்குள் அடுத்த செட் வரும். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மெத்தை. எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம்தான். எங்கள் மலைவாசஸ்தலத்தில் ஒரே ஓட்டல், அதற்கு ஒரே சமையல்காரி, அம்மா.

அம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. "ஊட்டி ரயில்ல ஒருவாட்டி போணும். இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளுமாமே. அங்க எறங்கி, வேற யாராச்சும் போட்டுக் குடுக்கற காபிய உக்காந்து குடிக்கணும்." வருடா வருடம் சொல்லி, ஒரு வருடம் அப்பா இளகினார். காரா ரயிலா என்று வீட்டில் பெரிய விவாதம். அப்பா ரயில்வே கால அட்டவணையை அலுவலகக் கோப்பு மாதிரி பல நாள் ஆராய்ந்து, கடைசியில் கார் என்றார். கார் எடுத்துக்கொண்டு மைசூர் வழியாக ஊட்டி, அங்கே போனதும் குன்னூர்வரை ரயிலில் ஒரு சவாரி. அம்மா உடனே சம்மதித்தாள். புதுப் புடவை ஒன்றை எடுத்து வெளியில் வைத்துவிட்டாள்.

சிக்கல் வேலூர்தான். வராதீர்கள் என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அப்பா பக்கத்து வீட்டு போனிலிருந்து, "அக்கா, இந்த மே நாங்க ஊட்டிக்குப் போறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து, "நாசூக்கா முடிச்சிட்டேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஊருக்குப் போகிறோம் என்றாலே 'நீங்களும் வாங்க' என்று அர்த்தம் செய்துகொள்ளும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா!

கிளம்புவதற்கு முதல் நாள் அத்தை நால்வராக வந்து இறங்கினார். கை நிறையப் புதுக் குரங்குக் குல்லாய்கள். "ஊட்டி குளுராச்சே, எல்லாருக்கும் வாங்கியாந்துட்டேன். இந்தா, இது உனக்கு" என்று அம்மா கையிலும் ஒன்றைத் திணித்தார்.

மறுநாள் காலை வாசலில் அம்பாசிடர். டிரைவர் ஹனுமந்தப்பா கூட்டத்தைப் பார்த்து மலைக்கவில்லை. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்றார், கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள் என்று கன்னடத்தில். இந்த ஊர் ஓடுவதே அந்த ஒரு வாக்கியத்தில்தான். மடிமேல் மடியாக உட்கார்ந்தோம், டிபன் கேரியரைக் காலுக்கடியில் தள்ளினோம். ஆனாலும் கதவு மூடவில்லை. அம்மா இறங்கினாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. வீட்ட பூட்டிப் போட்டா சரியா வராது."

"ஐயோ, நீ இல்லாம எப்பிடி? நான் எறங்கறேன்" என்று அத்தை நிஜமாகவே ஒரு காலை வெளியே வைத்தார். அம்மா அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். இந்தமுறை மூடிக்கொண்டது. முன் சீட்டில் அப்பா, நின்றுகொண்டிருந்த வண்டியின் ஸ்பீடோமீட்டரையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. சண்டை போட அவர்தான் இல்லை.

திரும்பி வந்தபோது ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கி வந்தோம். அம்மா எல்லாருக்கும் காபி போட்டாள். "ரயிலு பின்னாடிலேர்ந்துதான் தள்ளிச்சா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த மே அப்பா மறுபடியும் கொள்கைக்குத் திரும்பிவிட்டார்.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம். ஓட்டுக் கேட்கப் போனால் அம்மா மெத்தையைத் தட்டிக்கொண்டே சொல்கிறாள், "மே மாசத்துலயாடா? யாராச்சும் வருவாங்களே."

வேலூரிலிருந்து யாரும் வந்து பல வருடமாகிறது. அத்தைக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மே மாசம் வர்றீங்களா அத்த?"

"எங்கடா வர்றது? உங்க ஊரு இப்ப வெயில்ல எங்க ஊர மிஞ்சிடுச்சாமே! இங்க ரூமுக்கு ரூம் ஏசி போட்டுட்டான் பெரியவன். நீங்க கெளம்பி இங்க வாங்க."

அத்தை சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

"ரயில்தானே?"

"ரயில்தாம்மா. மேட்டுப்பாளையத்துலேர்ந்து மேல வரைக்கும்."

"அப்ப எனக்கும் ஒரு சீட்டு போடு."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே ஓடி, மகளிடம் ஜன்னலோர சீட்டாகப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் மெத்தைகளைச் சுருட்டப் போனபோது அம்மா அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"பரண்ல ஏத்திடட்டுமா?"

ஒரு மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்து உப்பியிருந்தது.

"வேணாம். யாருக்காச்சும் வேணுமான்னு கௌரம்மாவக் கேளு."