பச்சைப் பட்டையில் ஏறிய கோடு

அப்பா பாடும் சர்ச் கொயருக்குச் சர்க்கரையால் ஆபத்து வந்தது. தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் சில மாலைகளில் பாட்டுப் பயிற்சி; முடிந்ததும் டீயும் கேக்கும் உண்டு. "அந்தக் கேக்காலதான் சுகர் ஏறுது. இனிமே கொயர் கிடையாது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அப்பா மேல்முறையீட்டுக்கு என்னிடம் வந்தார். "ஆபீஸ்ல டேட்டாதானே பாக்குற? கொயர் மேல தப்பில்லன்னு ப்ரூவ் பண்ணிக் குடும்மா."

டாக்டர் அவர் கையில் ஒட்டிய சென்சார் நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்துகொண்டிருந்தது. அதை 'ஆர்' என்ற கணினி மொழியில் கோடாக வரைவது சுலபம். ஆனால் கோடு ஏறியபோது அப்பா எங்கே இருந்தார் என்பது கோட்டில் தெரியாது. அதற்குப் பின்னணியில் வண்ணம் பூச வேண்டும். வீட்டுக்கு இளமஞ்சள், கேக் நேரமும் சேர்த்துக் கொயருக்கு ஊதா, கொயர் இல்லாத மாலைகளின் வாக்கிங்குக்குப் பச்சை. தொடங்கிய நேரம் இடது ஓரம், முடிந்த நேரம் வலது ஓரம். இடையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை.

ஆர், நாம் சொல்கிற வரிசையில்தான் ஒன்றின்மேல் ஒன்றாக வரையும். நான் கோட்டை முதலில் சொல்லிவிட்டேன். பட்டைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடிவிட்டன.

அப்பா எட்டிப் பார்த்தார். "பிரமாதம்! இப்படியே அம்மாகிட்ட காட்டிடு."

"கோட்டையே காணோம்ப்பா."

"அதத்தான் சொல்றேன்."

வரிசையை மாற்றினேன். ஊதாவில் கோடு சாதுவாகப் படுத்துக் கிடந்தது. பச்சை வந்த இடமெல்லாம் மலை ஏறியது.

அம்மா ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "நடந்தா குறையும்னுதானே டாக்டர் சொன்னார்? உங்களுக்கு மட்டும் ஏறுதா?"

"ஸ்டேஷன் ரோட்டுல தூசி ஜாஸ்தி" என்றார் அப்பா.

"அந்தத் தூசிய வாழைக்காய்ல தடவி எண்ணெய்ல போட்டுத் தர்றாங்களாக்கும்?"

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜிக் கடை இருப்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

"நாளையிலேருந்து நானும் கூட வரேன். அப்பவும் இறங்கலன்னா வாக்கிங், கொயர் ரெண்டும் கட்."

ஒரு வாரம் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். 'அம்மாவுடன் வாக்கிங்' என்று புதிய வகை சேர்த்து, அதற்கு ரோஸ் கொடுத்து மறுபடி வரைந்தேன். ரோஸில் கோடு பச்சையைவிட உயரமாக ஏறியிருந்தது. அப்பா விட்டத்தைப் பார்த்தபடி ஏதோ ஞானப்பாட்டை முனகினார். பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் ஜிலேபிக் கடையும் உண்டு. அது அம்மாவுக்கு மிகவும் பிடித்த கடை.

அம்மா திரையைப் பார்த்தாள். "கொயருக்குப் போகட்டும் விடு. பாவம், பாடத்தானே போறார்."

"அப்போ இந்த ரோஸ்?"

"ஏண்டி, முதல்ல ஒண்ணு போட்டியாமே, கோடே தெரியாம. ரோஸுக்கு மட்டும் அப்படிப் போட முடியாதா?"