வலி கொடு தாயே

போன வருஷம் ஆவணி மாசம், என் இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லி, கையெழுத்துப் போட ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். என் வீட்டுக்காரம்மா பார்வதி அந்த ஃபார்மை நாலா மடிச்சி கைப்பைக்குள்ள வச்சிக்கிட்டா.

நான் மேடையில பேசுற ஆளு இல்ல. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சா சோத்தை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். கோயில் செயலாளர் விட மாட்டேங்கிறாரு, அதனால சொல்றேன். அம்மா சன்னிதியில பொய் சொல்ல முடியாது. என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இந்தக் கோயிலுக்குப் பின்னால இருந்த தோட்டத்து லயத்துலதான் நான் பொறந்தேன். அப்பா பால்மரம் வெட்டுனவரு. பத்தொம்பது வயசுல பட்டாளத்துல சேர்ந்து பதினாறு வருஷம் இருந்தேன். பாதி நாளு தாய்லாந்து எல்லைக் காட்டுலதான். அப்பா படுத்த படுக்கையாயிட்டாருன்னு, முழுப் பென்ஷனுக்கு வருஷம் பத்தாமலே வெளிய வந்துட்டேன். லோரி ஓட்டினேன், செம்பனை வெட்டினேன், இப்ப செனாவாங்ல ஒரு தொழிற்சாலையில ஜாகா வேலை, கேட்டுல காவல். அறுபத்திரண்டு வயசுல பன்னிரண்டு மணி நேரம் பூட்ஸ் போட்டு நின்னு பாருங்க, தெரியும். வீட்டுக்கு வந்தா குனிஞ்சி அதைக் கழட்டத் தெம்பு இருக்காது. ஆனா வேற யாரையும் தொட விட மாட்டேன்.

வீட்டையும் நான் பட்டாளம் மாதிரிதான் நடத்தினேன். மகள் மலர் சின்னதுல விழுந்து அடிபட்டு வந்தா, "அழுதா சரியாயிடுமா?"ன்னு அதட்டுவேன். இப்ப அவளுக்கு முப்பது வயசு, அவளும் செனாவாங்லதான் ஷிப்ட் வேலை. எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டா. அப்படி வளர்த்தது நான்தான், அவளைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?

பட்டாளத்தை விட்டு வந்ததுலேருந்து ஆடித் தீமிதியில வருஷம் தவறாம இறங்குவேன். சுடும். சுடலன்னு சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன். சுட்டாலும் அம்மா இருக்காங்கிற தைரியத்துல நடந்துடுவோம், அவ்வளவுதான். ஆனா போன வருஷம் எனக்கு இடது காலுல சுடவே இல்ல. வீட்டுச் சிமெண்டுத் தரையில நடக்குற மாதிரி நடந்து போய்ப் பால்குழியில இறங்கினேன். பால் சில்லுன்னு இருந்ததுகூட அந்தக் காலுக்குத் தெரியல. எனக்கு அம்மா அருள் பூரணமா வந்துடுச்சின்னு நெனச்சிக்கிட்டேன். நாலு பேரு காலுல விழுந்தாங்க. ஒரு தாய் கைக்குழந்தையைக் கொண்டாந்து நீட்டுச்சி. நானும் பெரிய மகானாட்டம் அதுக்கு விபூதி பூசி விட்டேன். இன்னைக்கி நெனச்சாலும் கூசுது.

அது அருள் இல்ல. பத்து வருஷமா எனக்கு இனிப்பு நீர், சக்கரை வியாதி. மாத்திரையை ஒருநாள் போடுவேன், ரெண்டு நாள் மறந்துடுவேன். பாதத்துல நரம்பு செத்துப் போயிருந்துச்சி, அது எனக்கே தெரியாது.

மறுநாள் பாதத்துல பெருசா கொப்புளம். பட்டாளத்துல எங்களுக்குப் பழக்கம் ஒண்ணு உண்டு. ஊசியில நூலைக் கோத்து கொப்புளத்துக்குள்ள விட்டு, நூலை அப்படியே உள்ள விட்டுடுவோம். தண்ணி வடிஞ்சிடும், தோலு பிய்யாது, மறுநாளும் நடக்கலாம். அதையேதான் செஞ்சேன். பவுடரைப் போட்டு, ஸ்டோக்கினை மாட்டி, பூட்ஸுக்குள்ள காலை விட்டு வேலைக்குப் போயிட்டேன். வலி இல்லாதப்ப யாருக்குப் புண்ணு தெரியுது?

துணி துவைக்கிறப்ப பார்வதி கேட்டா: "என்னங்க, ஸ்டோக்கின் இப்படி நாறுது?"

"மழைத்தண்ணி"ன்னேன்.

மூணு வாரம் இப்படியே ஓடுச்சி. ஒருநாள் மத்தியானம் கேட்டுல நின்னுக்கிட்டிருந்தவன் காய்ச்சல்ல சரிஞ்சி விழுந்துட்டேன். மலர் மோட்டார் சைக்கிள்ல ஓடி வந்தா. அவதான் பூட்ஸைக் கழட்டினா. ரெண்டு விரலு கறுத்துப் போயிருந்துச்சி, நூலு அப்படியே தொங்கிக்கிட்டிருந்துச்சி. "ஏம்பா சொல்லல?"ன்னு கேட்டா.

டாக்டர் ஒரு மலாய்ப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், என்னைப் பெரியப்பா மாதிரி பாக்சிக்னு கூப்பிடுவாங்க. ரெண்டு விரலை எடுத்து, சீழை வெளிய எடுத்தாங்க. "மூணு நாள் பார்ப்போம் பாக்சிக், மேல ஏறுச்சின்னா காலை எடுத்தாகணும்"னாங்க. தினமும் வந்து ஊசி முனையால பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரியுதான்னு கேப்பாங்க. தெரியலன்னு சொல்றதே எனக்கு வேலையாப் போச்சி. ரெண்டாம் நாளே, வீக்கம் மேல ஏறுதுன்னு, அந்த ஃபார்மைக் கொடுத்துட்டாங்க.

அன்னைக்கி எனக்கு வாழ்ந்தது போதும்னு ஆயிடுச்சி. அவ்வளவு அலுப்பு. பார்வதி கோயிலுக்குக் கெளம்பினவ கேட்டா:

"அம்மாகிட்ட என்னன்னு வேண்டட்டும்? நீங்களே சொல்லுங்க."

"வலி வேணும்னு கேளு"ன்னேன்.

அவ என் மூஞ்சியையே பார்த்துட்டுப் போனா. அவ போனதும் போர்வையை இழுத்து மூடிக்கிட்டு நானும் கேட்டேன். தாயே, உன் பேரைச் சொல்லிப் பெருமைக்கு நடந்துட்டேன். சாமியாடி மாதிரி அடுத்தவங்க கும்பிடுறதை வாங்கிக்கிட்டேன். என் பொண்டாட்டிகிட்டயே மறைச்சேன். எனக்கு அருளு வேணாம், வலியைக் கொடு. அழுதேன். எங்கப்பா செத்தப்பகூட நான் அழுததில்ல.

மூணாம் நாள் காலையில மலர் ஈரத்துணியால என் காலைத் துடைச்சிக்கிட்டிருந்தா. குதிகாலுகிட்ட சுரீர்னுச்சி. நான் கத்திட்டேன். அவ பயந்து கையை எடுத்துட்டா.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது."

நான் சொல்லி அவ கேட்டதே இல்ல அந்த வார்த்தையை. அப்பனும் மகளும் கட்டிலைப் பிடிச்சிக்கிட்டு அழுதோம். டாக்டர் வந்து ஊசி முனையை வச்சாங்க. குதிகாலு, பாதத்தோட ஓரம், ரெண்டு இடத்துலயும் தெரிஞ்சிச்சி. வீக்கம் வத்திடுச்சி, மருந்து கேக்குது, இப்போதைக்குக் காலை எடுக்க வேணாம்னு சொன்னாங்க. மருந்துதான் கேட்டுச்சி, நான் இல்லேங்கல. அந்த மருந்தை யாரு கேக்க வச்சான்னு எனக்குத் தெரியும். பார்வதி கைப்பையிலேருந்து ஃபார்மை எடுத்து நர்சு மிஸ்ஸிகிட்டத் திருப்பிக் கொடுத்தா.

இப்ப எட்டு விரலோட இருக்கேன். கம்பு ஊன்றித்தான் நடை. வேலையில நாற்காலி கொடுத்திருக்காங்க. மாத்திரை போடலன்னா மலர் விட மாட்டா. தினமும் சாயங்காலம் பார்வதி என் பாதத்தைத் தூக்கி மடியில வச்சி வெளிச்சத்துல பார்ப்பா. மொதல்ல வெக்கமா இருந்துச்சி, இப்ப பழகிடுச்சி. அசதி மட்டும் போகல. அது போகாது போலருக்கு.

இந்த ஆடியில நான் இறங்கல. காப்பு கட்ட வந்தவங்க ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, இனிப்பு நீர் இருக்கா, பாதத்தைக் காட்டுன்னு கேட்டேன். சில பேரு மொறைச்சாங்க. ரெண்டு பேரு வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க.

இங்க உக்காந்திருக்கிற உங்கள்லயும் யாராவது எதையாவது மறைச்சிக்கிட்டு வந்திருப்பீங்க. அதை வீட்டுல சொல்லுங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் அம்மாகிட்ட உள்ளது உள்ளபடி கேளுங்க. நான் கேட்டது யாரும் கேக்காத வரம், வலி. அதையே மூணாம் நாளு கொண்டாந்து கொடுத்தவ, நீங்க கேக்குறதையா கொடுக்க மாட்டா?