ஐஸ் மேல் உட்கார்ந்த பெட்டி

மழை பெய்தால் பாடும். வெயில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும். பவுனம்மாள் செய்த பெட்டிக்கு அப்படியொரு குணம்.

அது 1975, மலேசியா. வார நாள்களில் சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைப்பாள். ஞாயிறன்று வேலாயுதத்தின் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பாள். கிட்டாரின் ஒற்றை மீட்டலை நாதஸ்வரம்போலக் கரகரவென்று நீட்டும் பெட்டி ஒன்று அவள் கனவில் வந்துகொண்டே இருந்தது. கடைகளில் கிடைக்கவில்லை. உடைந்த ரேடியோவிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, ரயில் பாதையோரத்துப் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில், பிஸ்கட் டின்னுக்குள் அவளே கட்டிவிட்டாள்.

முதல் மீட்டல் மழை விட்ட ஒரு மாலையில். ஓசை சன்னலைத் தாண்டி, நனைந்த தண்டவாளத்தின்மேல் வெகுதூரம் நடந்துபோனது போலிருந்தது.

மறுநாள் ஞாயிறு, நண்பகல் ஒத்திகையில், பெட்டி ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கிள்ளான்ல கல்யாணம். ரெண்டு மணிக்கு மேடை," என்றார் வேலாயுதம். "அங்கயும் இருமுச்சுன்னா, உன் எடத்துக்கு வயலின்காரர்தான்லா."

"பாத்துக்கிறேண்ணே."

பேட்டரியை மாற்றினாள், ஒயரை மாற்றினாள், எல்லா இடத்திலும் புதிதாகப் பற்றவைத்தாள். நண்பகலில் அதே இருமல். சனிக்கிழமை காலை பெட்டி பாடிக்கொண்டிருந்தபோது, சாய்ந்திருந்த டிரான்சிஸ்டரை நிமிர்த்த விரலால் பிடித்தாள். ஓசை தேய்ந்து அணைந்தது. விரலை எடுத்துவிட்டு ஊதினாள். மெல்லத் திரும்பி வந்தது.

பழுதே இல்லை. அதற்குச் சூடு ஆகாது, அவ்வளவுதான்.

கிள்ளான் மண்டபத்துக்குத் தகரக் கூரை. வாசலில், சீவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் வண்டி நின்றது.

"அங்கிள், வெறும் ஐஸ் மட்டும் பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுங்க."

"சிரப் ஊத்த வேணாமா?"

"இது குடிக்காது அங்கிள்," என்று டின்னைக் காட்டினாள்.

மேடையில் ஐஸ் பையின்மேல் அவள் டின்னை வைத்ததைப் பார்த்து வேலாயுதம் ஹார்மோனியத்தை நிறுத்தினார். "கிட்டார் வாசிக்க வந்தியா, மீன் விக்க வந்தியா?"

அவள் கம்பியைத் தட்டினாள். மண்டபத்துக்குள் மழை மாலை ஒன்று இறங்கியது. பந்தியில் சோற்றைப் பிசைந்த கைகள் நின்றன.

மூன்றாவது பாட்டின் நடுவே பை வெறும் தண்ணீராகிவிட்டது. ஓசை தேய்ந்தது. வேலாயுதம் திரும்பிப் பார்த்தார். பவுனம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விடாமல் வாசித்தாள்.

கண்ணைத் திறந்தபோது அவர் பக்கத்தில் குனிந்திருந்தார். தன் சிரப் கிளாசிலிருந்த ஐஸ்கட்டிகளைக் கைக்குட்டையில் அள்ளி, டின் மூடியின்மேல் அழுத்திப் பிடித்திருந்தார். ஹார்மோனியம் சும்மா கிடந்தது.

"நிறுத்தாத, வாசி," என்றார். "கை மரத்துப்போச்சுன்னா சொல்றேன்."

ஓசை மெல்லத் திரும்பி வந்தது.