தமிழ்க் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களே, கத்திக்கொண்டு விழுகிற பிழையை நாம் கும்பிட வேண்டும். சத்தமில்லாமல் நழுவுகிற பிழைதான் தூக்கத்தைக் கெடுக்கும். பதுளை டவுனில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. மழை கூடினால் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் போனுக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்புவது எங்கள் புரோகிராம். என் கைக்குழந்தையை தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அம்மா பார்த்துக்கொள்கிறார். லயத்துக்குப் பின்னால் மலை.

ஆள் இருக்கிற வீடு

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் மொழிக்கு ஒரு மொடியூல், அதாவது தனிக் கோப்பு. சேர்ந்த புதிதில், தமிழ் மொடியூலைத் தேடச் சொன்னால் அப்படி ஒன்று இல்லை என்றது புரோகிராம். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. பெயரும் சரி, இடமும் சரி. பக்கத்து மேசை நிமல் எட்டிப் பார்த்து, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்துத் தன் தமிழில் சொன்னான்: "நங்கி, வீட்டுல ஆள் இருக்கு. தட்டினா ஆள் இல்லைன்னு சொல்லுது."

அக்காவின் எழுத்துரு

தமிழ் வாசகங்களை அடித்துத் தருபவர் மீனாட்சி அக்கா. தோட்ட ஆபிஸில் நோட்டீஸ் அடித்துப் பழகிய பழைய எழுத்துருதான் அவருக்குக் கைவரும். அதை அப்படியே கோப்பில் ஒட்டிவிடுவார். அவர் திரையில் அழகான தமிழ். யூனிகோட் எழுத்தை எதிர்பார்க்கும் பைதன் மொழிக்கு வெறும் குப்பை. மாற்றிக் கொடுத்தேன், ஓடியது. அக்காவுக்கு மனத்தாங்கல்: "எனக்கு நல்லாத்தானே தெரியுது பிள்ளை. மெஷினுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

சாரின் நியாயம்

குப்பையைப் பார்த்ததும் பைதன் கத்தத்தான் செய்கிறது. ஆனால் மொடியூலைத் தேடும் பகுதியை எழுதிய எங்கள் சார், என்ன பிழை வந்தாலும் 'இல்லை' என்று வைத்துக்கொண்டு அடுத்த மொழிக்குப் போகும்படி செய்திருந்தார். பிழை வந்தால் எல்லாம் நிற்கட்டும், அப்போதுதான் நமக்குத் தெரியும் என்று பயந்து பயந்து கேட்டேன். சார் தலை நிமிராமலே சொன்னார்: "ஒரு பாஷைக்காக மத்த ரெண்டையும் நிப்பாட்டச் சொல்றீங்களா, மிஸ்?"

மழை நாள்

போன மாதம் பகலிலேயே இருட்டிக்கொண்டு கொட்டியது. எச்சரிக்கை போய்விட்டது என்றது திரை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் கோல்: "கடை முதலாளிக்கு சிங்களத்துல வந்துச்சாம். நமக்கு ஒண்ணும் வரலியேடி. இருக்கவா, போகவா?" தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்தேன். அன்று காலை அக்கா ஒரு வரியைத் திருத்தியிருந்தார், அதே எழுத்துருவில். "பிள்ளையத் தூக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடுங்கம்மா, எல்லாரையும் கூப்பிடுங்க" என்று கத்தினேன். போய்ச் சேர்ந்ததும் அம்மா மறுபடி கோல் எடுத்தார். பின்னால் என் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "நாங்க வந்துட்டோம். தோட்டத்துல மேல் டிவிசன் ஆளுகளுக்கு யாரு சொல்றது? அவங்க பிள்ளைக யாரும் உன் ஆபிஸ்ல இல்லியே."

அன்று மலை அசையவில்லை. ஆகவே அந்தத் தேடும் பகுதியை மாற்ற இப்போதைக்கு அவசரமில்லை என்று ஆபிஸில் முடிவாகியிருக்கிறது.