தேன்மொழி கேட்ட மழை

சின்னமனூருக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். தேன்மொழியிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று கிளம்பியிருந்தேன். வீரபாண்டி தாண்டும்போது அவள் தம்பி அழைத்தான். "அக்கா போயிட்டாக" என்றான். அழுதுகொண்டே வைத்துவிட்டான்.

அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எங்களுக்கு ஒரு மாட்டுப் பல் மறக்காது. கெங்குவார்பட்டியில் ஒரு விவசாயி வறண்ட கிணற்றை ஆழப்படுத்தியபோது, களிமண்ணுக்குள் பழங்காலத்து மாட்டுத் தாடை ஒன்று கிடைத்தது. தேன்மொழியே கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினாள்.

"செத்த மாட்டுப் பல்ல வச்சு என்னத்தா செய்யப் போறீக?" என்றார் அந்த விவசாயி.

"கன்னுக்குட்டியில இது குடிச்ச தண்ணி பல்லுல பதிஞ்சு கெடக்குண்ணே. மழை பெஞ்சுச்சா, பொய்ச்சுச்சான்னு கேக்கப் போறேன்."

"அப்ப எம்புட்டு வருசம் பொய்ச்சுச்சுன்னும் கேளுங்கத்தா. எனக்கும் தெரியணும்."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய தென்னைகள் மொட்டையாக நின்றன.

பல்லின் எனாமல் அடுக்கடுக்காக வளரும். குடித்த நீரின் ஆக்சிஜன் அதில் தங்கிவிடும். ஆக்சிஜனில் கனமான ஒரு வகை உண்டு; மழைநீரில் அது குறைவு. கோடையில் நீர் வற்ற வற்ற அது கூடும். அதன் அளவைக் காட்டும் வரைபடத்தில் கோடு இறங்கினால் மழை. அவ்வளவுதான்.

தாடையில் உருப்படியாக இருந்தது ஒரே பல். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மாதங்களிலும் அவளேதான் அதைச் சுரண்டித் தூள் எடுத்தாள். "ஒரு கையிலதானடி ஊசி குத்துறாக, இன்னொண்ணு சும்மாதான இருக்கு" என்பாள். அசதியில் தூள் சிந்தும். சிந்தியதை விரலால் தொட்டால் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் அளக்கும்போது மின்சாரம் போய், பாதித் தூள் வீணானது; கோடு எதுவும் கிடைக்கவில்லை. அன்று மாலை சின்னமனூருக்கு அவளைப் பார்க்கப் போனேன். அவளால் படுக்கையில் திரும்பக்கூட முடியவில்லை.

"கோடு எறங்கியிருக்காடி?"

"எறங்கியிருக்கு. நல்ல மழை" என்றேன்.

கண்ணை மூடி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "போதும். அந்த அண்ணன்கிட்டச் சொல்லிரு" என்றாள்.

மிச்சத் தூளை அளந்து முடித்த மறுநாள்தான் அந்தப் பேருந்தில் ஏறினேன். கோடு இறங்கவே இல்லை. ஒரு மழைக்காலம் வர வேண்டிய இடத்திலும் இல்லை, அடுத்தது வர வேண்டிய இடத்திலும் இல்லை; இரண்டு மழையும் பொய்த்திருந்தன.

உண்மையான கோடு அவள் பெயரில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவரும். அந்த விவசாயியிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவளிடம் மட்டும் சொல்ல முடியாமல் போனது. என் பொய்யை நம்பி அவள் விட்ட பெருமூச்சுதான் அவளுடையதாக என்னிடம் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.