உள்ளங்கைக்கு அடியில் ஒரு கட்டி

அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, அங்கிருந்து குரலை எழுப்புவதே மேடைப்பேச்சுப் பயிற்சியின் முதல் பாடம். பல்கலைக்கழக விவாதப் போட்டிக்காக பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அப்படி நின்று பயின்ற ஒரு மாலையில், கைக்கு அடியில், இடப்பக்கமாக ஏதோ உருண்டது. அழுத்தினேன். விலகியது, பின் தன் இடத்துக்கே திரும்பி வந்தது.

கிள்ளானில் பெண்கள் நல மருத்துவர் ஸ்கேன் திரையைச் சுட்டினார். "சூலகத்துல கட்டிமா. டெர்மாய்ட்னு சொல்வோம். புற்று மாதிரி தெரியல. கருமுட்டை செல்லுலேர்ந்து வளர்றது, உள்ள முடிகூட இருக்கும். இந்த வெள்ளை, பல்லா இருக்கலாம்."

அம்மா என் தோளைப் பற்றினார். "பல்லா? யாரோட பல்லு டாக்டர்?"

"உங்க மகளோடதுதான் ஆன்டி. ஏழு சென்டிமீட்டர், எடுத்திடணும். திருகிக்கிச்சுன்னா ரத்தம் போகாம சூலகமே செத்துடும்."

அடுத்த வாரமே அறுவைக்கு நாள் குறித்தார். இறுதிச்சுற்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வலியில்லை, புற்றில்லை, இத்தனை காலம் சும்மா இருந்தது இன்னும் சில நாள் இருக்கும் என்று அடுக்கினேன்.

"நல்லா பேசுற லா," என்றார் மருத்துவர். "ஆனா அதுக்குக் காது இல்ல. திடீர்னு வலிச்சு வாந்தி வந்தா, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு வந்திடு."

அந்த வாதத்தில் நான் வென்றேன். அறுவை இறுதிச்சுற்றுக்குப் பிறகு என்று தள்ளிப்போனது.

பிறகு, பயிற்சியில் நான் நிறுத்தும் இடங்களிலெல்லாம், உள்ளே ஒன்று தன் முறைக்காகக் காத்திருப்பது போலிருந்தது. வாயில்லாததற்குப் பல் எதற்கு?

இறுதிச்சுற்றில் தொகுப்புரைக்கு எழுந்தபோது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் இடப்பக்கம் முறுக்கியது. மேடைப் பதற்றம்தான் என்று எனக்கு நானே வாதிட்டுக்கொண்டு, பழக்கப்படி உள்ளங்கையை வைத்தேன். இம்முறை அது விலகவில்லை. வலியில் தாழ்ந்த என் குரலை அவை உருக்கமென்று கொண்டது. கைதட்டலுக்கிடையே திரைக்குப் பின்னே போய் வாந்தியெடுத்தேன். அப்போதும், முடிவை அறிவிக்கட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவசர அறுவை முடிந்து கண்விழித்தபோது மருத்துவர் கட்டிலருகே நின்றார். "திருகலை விடுவிச்சுப் பார்த்தோம். நிறம் திரும்பவே இல்ல. இடது சூலகத்தைக் காப்பாத்த முடியலமா."

வெற்றிக்கோப்பையை மடியில் வைத்திருந்த அம்மா என்னைப் பார்த்தார். "எப்ப வலிக்க ஆரம்பிச்சுச்சு?"

நான் மருத்துவர் பக்கம் திரும்பினேன்.

வெட்டியெடுத்த கட்டியின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஈரமான கரிய முடி. என் தலையில் உள்ள அதே சுருள். நடுவில் ஒரு முழுப்பல்.

வலது சூலகத்துக்காக இப்போதும் ஸ்கேனுக்குப் போகிறேன், குறித்த நாள் தவறாமல். சாம்பல் திரையில் நிழல்கள் அசைகின்றன. மருத்துவர் பேசும்வரை நான் வாய் திறப்பதில்லை.